பேரை மாத்த ஒரு நிமிஷம்

பை மடியிலயே இருக்கட்டும் அண்ணாச்சி, மேல வைக்க முடியாது. உள்ள லேப்டாப் இருக்கு. நீங்க நல்லாச் சாஞ்சு உக்காருங்க. சங்கரன்கோவில்தானா? நானும் அங்ஙனதான். பொண்டாட்டியக் கூப்பிடப் போறேன். கோவிச்சுக்கிட்டுப் போயி இன்னையோட இருபத்திரண்டு நாளு.

அப்படி என்ன பண்ணிட்டேன்னு கேக்கீங்களா? நீங்க கேக்கல, ஆனா கேக்கத்தானே போறீங்க. குடிச்சேனா? கிடையாது. கை நீட்டினேனா? அந்தப் பழக்கமே நம்ம பரம்பரையில இல்ல. ஒருத்தன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போட்டேன். பேரு அண்ணாச்சி, வெறும் பேரு. அதுக்கு இருபத்திரண்டு நாளா ஓட்டல் இட்லி.

கோவில்பட்டியில கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கேன். சௌந்திரபாண்டியன்னு சொன்னா பஸ் ஸ்டாண்டுலயே வழி காட்டுவாங்க. எங்க தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போயிப் பாருங்க, நடு ஃபேன்ல மூணு றெக்கையிலயும் 'உபயம் சௌந்திரபாண்டியன்'னு செவப்பு எழுத்துல இருக்கும். இப்ப இருக்கு. நடுவுல இல்லாமப் போச்சு. புதுசா வந்த கமிட்டிக்காரங்க கோயிலுக்கு வெள்ளையடிக்கிற ஜோர்ல ஃபேனுக்கும் சேத்துப் பெயிண்ட் அடிச்சிட்டாங்க. ஏம்ப்பான்னு கேட்டா, 'ஃபேன் சுத்துதுல்லா, காத்து வருதுல்லா, பேரு எதுக்கு சார்'ங்கான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். குடுத்தவன் பொருளை வச்சுக்கிடுவ, குடுத்தவன் பேரை அழிச்சிருவியா? மூணு மாசம் விடலையே. திரும்ப எழுதின பெறகுதான் அந்தக் கோயிலுக்குள்ள காலை வச்சேன். சரி, அது வேற கதை. விஷயத்துக்கு வாரேன்.

எனக்குச் செஸ்னா உசிரு. தமிழ் பேசிக்கிட்டே ஆடுற ஒரு செஸ் புரோகிராம் பண்ணணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆனா அதை ஒண்ணுல இருந்து எழுதுறது லேசுப்பட்ட காரியம் இல்ல. குதிரை எங்ஙன தாவலாம், ராணியக் குடுத்தா என்ன கிடைக்கும்னு லட்சக்கணக்கான ஆட்டத்தை அது யோசிக்கணும். நமக்கு அம்புட்டு மூளை இருந்தா கோவில்பட்டியில உக்காந்து டைப்பிங் சொல்லிக் குடுப்பேனா?

அதுக்கு ஒரு வழி இருக்கு. வெளிநாட்டுல சில பேரு புரோகிராமை எழுதி, முழுசையும் இன்டர்நெட்ல போட்டு வச்சிருப்பாங்க. ஓப்பன் சோர்ஸ்னு பேரு. யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடலாம், மாத்திக்கிடலாம், காசு கிடையாது. நம்ம ஊர்ல மோர்ப் பந்தல் வைக்கிற மாதிரிதான். ஒரே ஒரு நிபந்தனை. முதல்ல எழுதினவன் பேரை எடுக்கக் கூடாது, நீ என்ன மாத்தினியோ அதையும் சொல்லணும். அது லைசென்ஸ்னு தனியா ஒரு ஃபைல்ல கிடக்கும். அதை யாரு படிக்கா? பஸ் டிக்கெட்டுல பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கே, நீங்க படிச்சிருக்கீங்களா?

நான் எடுத்தது பாவெல்னு ஒருத்தன் எழுதினது. பல்கேரியாக்காரனாம். புரோகிராமுக்கு அவன் வச்ச பேரு எலேனா. பதினெட்டாயிரம் வரி. அதுல நான் எழுதிச் சேத்தது ஒரு நானூறு வரி இருக்கும். ஆனா முக்கியமான நானூறு! தமிழ் எழுத்து, பலகை கலரு, பேசுற பேச்சு எல்லாம் அதுலதான இருக்கு. 'ராஜாவுக்குச் செக்', 'நல்லா யோசிச்சு ஆடுங்க', 'அடுத்த ஆட்டம் ஆடலாமா?' அப்படின்னு அதுபாட்டுக்குப் பேசும். குரல் எங்க வீட்டுக்காரி கோமதி குரல். சமையக்கட்டுல மிக்ஸிய நிப்பாட்டச் சொல்லிட்டு ஒவ்வொரு வார்த்தையாப் பதிவு பண்ணினேன். கல்யாணமாகி இருபது வருஷம் முடியுதேன்னு புரோகிராமுக்கும் அவ பேரையே வச்சேன். ஆசையாத்தான் அண்ணாச்சி வச்சேன்.

அப்ப அந்தப் பழைய பேருகளை எடுக்கணும்லா? பதினெட்டாயிரம் வரியில ஒவ்வொண்ணாத் தேடினா ஒரு வாரம் ஆகும். கம்ப்யூட்டர்ல ஒரு வசதி இருக்கு. இந்தப் பேரு எங்ஙன இருந்தாலும் தூக்கிட்டு அந்தப் பேரைப் போடுன்னா போட்டுரும். பாவெல் இருந்த இடத்துல எல்லாம் சௌந்திரபாண்டியன். எலேனா இருந்த இடத்துல எல்லாம் கோமதி. எண்ணி ஒரு நிமிஷம். டீ ஆறலை.

எங்க மக கோயம்புத்தூர்ல காலேஜ் படிக்கா. அவகிட்டப் போன்ல பெருமையாச் சொன்னேன். 'அப்பா, அது தப்புப்பா, அவர் பேரை ஒரு ஓரத்துலயாவது போடுங்க'ன்னா. 'போடீ, புரோகிராம் ஓடுதுல்லா, ஜனங்க ஆடுறாங்கல்லா, எழுதினவன் பேரு எவனுக்கு வேணும்'னு போனை வச்சிட்டேன். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

ஊரே கொண்டாடிருச்சு அண்ணாச்சி. எங்க ஊரு செஸ் கழகத்துல எனக்குப் பாராட்டு விழா வச்சாங்க. கல்யாண மண்டபத்துல முந்நூறு நாற்காலி. 'கணினி மாமணி'ன்னு பட்டம், பொன்னாடை, பெரிய திரை. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி திருமேனிதான் தலைமை. அவர் என் புரோகிராமோட மேடையில ஒரு ஆட்டம் ஆடணும்னு ஏற்பாடு.

இங்ஙனதான் நான் ஒரு நல்லது நினைச்சேன். அதுல பத்து லெவல் இருக்கு. நான் எப்பவும் எட்டுலதான் ஆடுவேன். ஒண்ணுல ஆடுறது நமக்குக் கேவலம்லா? எட்டுல ஆடி ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல, அது வேற விஷயம். திருமேனி முதலாளிக்குக் குதிரை எப்படித் தாவும்னு தெரியும், அதுக்கு மேல தெரியாது. அத்தனை பேரு முன்னால மனுஷன் தோத்தா நல்லாவா இருக்கும்? அடுத்த வருஷம் நன்கொடை குடுக்க வேண்டாமா? அதனால யாருக்கும் தெரியாம ஒண்ணாம் லெவல்ல வச்சிட்டேன்.

ஜெயிச்சிட்டாரு. முப்பது நிமிஷத்துல ஜெயிச்சிட்டாரு. கைதட்டுன்னா கைதட்டு. அப்பத்தான் திரையில எழுத்து வருது, இங்கிலீஷ்ல. நான் அதைப் பாத்ததே இல்ல. எப்படிப் பாத்திருப்பேன்? புரோகிராம் தோத்தாத்தான் அது வருமாம்! நான் என்னைக்கு ஜெயிச்சேன்?

மைக் புலவர் கதிரேசன் கையில இருந்துச்சு. எங்க ஊர்ல எந்த விழான்னாலும் அவர்தான். தமிழ் வாத்தியாரா இருந்து ஓய்வு பெத்தவரு. மைக் கிடைச்சா விடவே மாட்டாரு. ஒவ்வொரு வரியாத் தமிழ்ப்படுத்தி வாசிக்க ஆரம்பிச்சிட்டாரு.

'நீங்கள் வென்றீர்கள், வாழ்த்துகள். என் மனைவி கோமதி மருத்துவமனையில் இருந்த எட்டு மாதமும், அவள் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதினேன். அவளோடு ஆடுவதற்காகவே எழுதினேன். மார்ச் மாதம் கோமதி இறந்துவிட்டாள். இந்த ஆட்டத்தில் வென்றவர்கள் ஒரு நிமிடம் அவளை நினைத்துக்கொள்ளுங்கள். இப்படிக்கு, சௌந்திரபாண்டியன்.'

வெளங்குச்சா அண்ணாச்சி? அந்த எலேனாங்கிறது பாவெலோட பொண்டாட்டி. செத்துப் போனவ. அவ நினைவா அவன் எழுதி வச்சதுல, என் ஒரு நிமிஷ வேலை போயி ரெண்டு பேரையும் மாத்தி வச்சிருச்சு.

புலவர் கண்ணைத் துடைக்காரு. 'இத்தனை பெரிய துயரத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு நம்மோடு சிரித்துப் பேசிய சௌந்திரபாண்டியனுக்காக, ஒரு நிமிடமல்ல, இரண்டு நிமிடம் எழுந்து நிற்போம்'னுட்டாரு. திருமேனி முதலாளி மொத ஆளா எந்திரிச்சிட்டாரு. முந்நூறு பேரும் எந்திரிச்சிட்டாங்க.

நான் என்ன பண்ண முடியும்? நீங்களே சொல்லுங்க. வாயைத் தொறந்து, ஐயா என் பொண்டாட்டி உயிரோட இருக்கான்னா, அப்புறம் ஏன் இப்படி எழுதினங்கான். நான் எழுதலன்னா, அப்ப எழுதினது யாருங்கான். தோள்ல பொன்னாடை கிடக்கு அண்ணாச்சி. தலையைக் குனிஞ்சேன். அம்புட்டுத்தான். நான் ஒரு பொய்யும் சொல்லலையே, சும்மா நின்னேன்.

கோமதி எங்க இருந்தான்னு கேளுங்க. மண்டபத்துப் பின்கட்டுல வந்தவங்களுக்குச் சேவும் லட்டும் பொட்டலம் போட்டுக்கிட்டு இருந்தா. அவளே கேட்டு வாங்கிக்கிட்ட வேலை. எந்த விழாவுக்கும் அவளை நான் கூட்டிட்டுப் போனதில்ல, அங்க அவ முகம் ஒருத்தருக்கும் தெரியாது. தட்டத் தூக்கிட்டு உள்ள வாரா, எல்லாரும் எந்திரிச்சு நிக்காங்க. இவளும் தட்டக் கீழ வச்சிட்டு, முந்தானையச் சரி பண்ணிட்டு நின்னுட்டா. பக்கத்துல இருந்த அம்மாகிட்ட, 'யாருக்கும்மா?'ன்னு மெதுவாக் கேட்டிருக்கா. 'சார் சம்சாரமாம், பாவம், கோமதியாம்'னு அந்தம்மா சொல்லியிருக்கு.

அந்த நேரம் பாத்து, யாரும் தொடாமச் சும்மா கிடந்தா பேசும்னு நான்தான் எழுதி வச்சிருந்தேன், புரோகிராம் பேசிருச்சு. நாலு ஸ்பீக்கர்லயும். கோமதி குரல்ல. 'அடுத்த ஆட்டம் ஆடலாமா?'

முன்வரிசையில ரெண்டு பொம்பளைங்க அழுதுட்டாங்க அண்ணாச்சி.

வீட்டுக்கு வந்து அவ சத்தம் போடல. போட்டிருந்தாத் தேவலை. சொம்புல தண்ணி மோந்து குடிச்சிட்டு, 'நான் செத்துப் போனேன்னு நீங்களா எழுதினீங்க?'ன்னு கேட்டா. 'ஐயையோ, நான் எழுதல, அது பாவெல்னு ஒருத்தன் எழுதினது'ன்னேன். 'அப்ப எதுதான் நீங்க எழுதினது?'ன்னா. பாருங்க என் நிலைமைய. நான்தான் எழுதினேன்னா பொண்டாட்டியச் சாகடிச்சவன். எழுதலன்னா திருடன். நானூறு வரி நான் எழுதினேன்டீன்னு சொல்லுதேன், அவ காதுல ஏறவே இல்ல.

'அதெல்லாம் போகட்டும்'னா. 'ரெண்டு நிமிஷம் இருந்துச்சுல்லா. ரெண்டு முழு நிமிஷம். அவ உயிரோட இருக்கா, அந்தா நிக்கான்னு கையைக் காட்ட உங்களுக்கு மனசு வரலையே. உங்க பேரு போயிரக் கூடாது, நான் போனாப் பரவாயில்ல.'

இப்படியா அண்ணாச்சி பேசுறது? பேரு போறதும் உசிரு போறதும் ஒண்ணா? அவ உயிரோடதான இருந்தா!

இதோட முடிஞ்சிருந்தாக்கூட ஆறப் போட்டிருக்கலாம். மறுநாள் காலையில எட்டயபுரத்துல இருந்து என்கிட்டப் படிச்ச பழைய பையன் ஒருத்தன் மாலையோட துக்கம் கேக்க வந்துட்டான். கதவைத் தொறந்தது கோமதி. அந்தப் பையன் மாலையை என்ன செய்யன்னு தெரியாம நிக்கான். அவனை உள்ள உக்கார வச்சு, காப்பி போட்டுக் குடுத்து அனுப்பிட்டுத்தான் பெட்டியை எடுத்தா. ஏன்டீ, சாயங்காலம் சோத்துக்கு என்ன செய்யன்னு கேட்டேன். 'செத்துப் போனவ எப்படிங்க சோறாக்குவா?'ன்னுட்டுப் பஸ் ஏறிட்டா. எங்க மாமியாரு வேற, மகளுக்குத் தோஷம் கழியணும்னு சங்கரன்கோவில் கோமதியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தாங்களாம். நான் போன் பண்ணினா எடுக்க மாட்டாங்க.

நானும் சும்மா இருக்கல. அந்த எழுத்தையே மொத்தமா எடுத்து எறிஞ்சிட்டேன். பிரச்சினை தீந்துச்சா இல்லையா? கோமதிகிட்டச் சொல்லச் சொல்லி மக மூலமாச் சொல்லி விட்டேன். அதுக்கு அவ என்ன செஞ்சா தெரியுமா? மகளை இங்கிலீஷ்ல எழுதச் சொல்லி அந்தப் பாவெலுக்கே கடிதம் போட்டிருக்கா! இந்த மாதிரி, இந்த மாதிரி, என் வீட்டுக்காரரு உங்க பேரையும் உங்க சம்சாரம் பேரையும் எடுத்துட்டாரு, நான்தான் அந்தக் கோமதி, உயிரோடதான் இருக்கேன், மன்னிச்சுக்கிடுங்கன்னு. புருஷனை நாடு விட்டு நாடு காட்டிக் குடுக்குறதை எங்கயாவது கேட்டிருக்கீங்களா?

கழுகுமலை வந்துட்டா? தண்ணி வேணுமா அண்ணாச்சி? எனக்கு வேண்டாம்.

அவன் பதில் போட்டிருந்தான். மக எனக்கு அதை அப்படியே அனுப்பினா. சண்டை போடுவான், கேஸு கீஸுன்னு மிரட்டுவான்னு பயந்துதான் தொறந்தேன். ஆறே வரி. 'அன்புள்ள கோமதி, நீங்கள் உயிரோடு இருப்பது எனக்கு மிகுந்த சந்தோஷம். உங்கள் கணவர் என் பெயரை எடுத்ததில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. என் பெயர் என் வீட்டு வாசலில் இருக்கிறது. எலேனாவின் பெயர் உலகத்தில் இரண்டே இடத்தில்தான் இருக்கிறது. ஒன்று கல்லறை, இன்னொன்று இது. அதைத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள்.'

படிச்சிட்டு எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. எட்டு மாசம் ஆஸ்பத்திரியில உக்காந்து எழுதியிருக்கான். நானா இருந்தா முடியுமா? கோமதிக்குக் காய்ச்சல்னா ரெண்டாம் நாளே எனக்கு எரிச்சல் வந்துரும்.

உடனே உக்காந்து சரி பண்ணிட்டேன். எடுத்த எழுத்தைத் திரும்ப வச்சேன். கோமதி இருந்த இடத்துல எல்லாம் எலேனா. அதுவும் ஒரு நிமிஷம்தான். என் பேரை மட்டும் தொடல. அவனே சொல்லிட்டானே, அவன் பேரு போனதுல வருத்தம் இல்லன்னு! அப்புறம் நான் ஏன் எடுக்கணும்?

கோமதிகிட்ட இருந்து நேத்து சேதி வந்துச்சு. 'பேரைத் திரும்பப் போட்டாச்சுன்னா கொண்டு வரட்டும். ஒண்ணாம் லெவல்ல நானே ஆடி ஜெயிப்பேன். அந்த எழுத்தை என் கண்ணால படிச்சிட்டுத்தான் செருப்பை மாட்டுவேன்'னு. இந்த இருபத்திரண்டு நாள்ல மக போன்ல சொல்லிக் குடுத்துச் செஸ் படிச்சிருக்கா பாத்துக்கிடுங்க. இன்னைக்கு அவ வரலன்னா இனிமே வர மாட்டா. எனக்குத் தெரியும். அவ ரெண்டாந்தடவை சொல்ற ஆளு இல்ல.

அதனால ஒண்ணுக்கு மூணு தடவை சரி பாத்துட்டேன். எழுத்தைத் தமிழ்லயும் போட்டுப் பிரிண்ட் எடுத்துச் சட்டைப் பையில வச்சிருக்கேன். இந்தாங்க, நீங்களே பாருங்க. எலேனாவுல ஒரு எழுத்துக்கூடப் பிசகு இல்ல.

சத்தமாவே படிங்க. ஆமா, 'என் மனைவி எலேனா மருத்துவமனையில் இருந்த எட்டு மாதமும்'. சரி. 'மார்ச் மாதம் எலேனா இறந்துவிட்டாள்'. சரியாத்தான இருக்கு? கீழயா? கீழ 'இப்படிக்கு, சௌந்திரபாண்டியன்'. ஏன் அண்ணாச்சி சிரிக்கீங்க?

எலேனா எனக்கு என்ன வேணுமா?

அடக் கடவுளே.

போன தடவை கோமதியக் கொன்னேன். இந்தத் தடவை அவளுக்குத் தெரியாம ஒருத்தியக் கட்டி, அவளையும்லா கொன்னு வச்சிருக்கேன்! மூணு தடவை பாத்தேன் அண்ணாச்சி, மூணு தடவையும் அந்தப் பேரு என் கண்ணுல படவே இல்ல. எப்படிப் படும்? அது என் பேருல்லா!

ஏன் பஸ் நின்னுட்டு? ரயில்வே கேட்டா? நல்லதாப் போச்சு. கொஞ்சம் பையைப் பிடிங்க, லேப்டாப்பை எடுக்கேன். ஒரு நிமிஷ வேலைதான். சௌந்திரபாண்டியன் இருக்கிற இடத்துல எல்லாம் பாவெல். அம்புட்டுத்தான்.

எல்லா இடத்துலயுமா? அந்தக் கடைசி வரியில மட்டும் மாத்தினாப் போதாதா? முகப்புல என் பேரு இருந்துட்டுப் போகட்டுமே. அவ முகப்பையா பாக்கப் போறா? பாப்பா. முதல்ல அதைத்தான் பாப்பா.

ஆனா நான் எழுதின நானூறு வரிக்குள்ளயும் அங்கங்க என் பேரு இருக்கு அண்ணாச்சி. எல்லாத்தையும் மாத்தினா அதுலயும் அவன் பேரு வந்துரும். என் வேலைக்கு அவன் பேரா? அது நியாயமா? ஒவ்வொண்ணாப் பாத்து மாத்தவா? அதுக்கு ஒரு வாரம் ஆகுமே.

சரி, கேக்குது பாருங்க. 'அறுநூத்திப் பன்னிரண்டு இடத்தில் இருக்கிறது. மாற்றவா?'ன்னு கேக்குது. அறுநூத்திப் பன்னிரண்டு. அதுல என்னோடது முப்பது தேறும். மிச்சம் எல்லாம் அந்த மனுஷன் இருந்த இடம். அன்னைக்கும் இந்தக் கணக்கைக் காட்டியிருக்கும். நான் பாக்காமலே அமுக்கியிருக்கேன்.

அமுக்குதேன். இருங்க, அமுக்குதேன். கை நடுங்கலை அண்ணாச்சி, பஸ்ஸுதான் ஆடுது.

என்னது? பஸ்ஸு நிக்குதா? இன்னும் கேட்டு தொறக்கலையா?